வெடியதிர்வும் படைவீரர் மூளையும்: ‘ஷெல் ஷாக்’ முதல் இன்று வரை

போர்க்களத்தில் குண்டு வெடித்த இடத்துக்கு அருகில் இருந்தவர், உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் தப்பிவிடுகிறார். பின்னர் மறதி, ஓயாத தலைவலி, தூக்கமின்மை, நடுக்கம், காரணமற்ற கோபம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. அவருக்கு நேர்ந்தது மூளைக்காயமா, மன அதிர்ச்சியா? 1915ஆம் ஆண்டிலிருந்து மருத்துவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். இது மருத்துவர்களுக்குள் மட்டும் நடந்த விவாதம் அன்று. காயம் என்று எழுதினால் ஓய்வூதியமும் பதக்கமும் மரியாதையும் கிடைத்தன. மனக்கோளாறு என்று எழுதினால் சந்தேகமும் ஏளனமும் கிடைத்தன. சில வேளைகளில் மரண தண்டனையும் கிடைத்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்தக் கேள்வி கடந்துவந்த பாதையை இக்கட்டுரை விவரிக்கிறது.

வெடியலை

தீபாவளி அன்று தெருவில் அணுகுண்டு வெடி வெடிக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்வதையும், நெஞ்சில் ஏதோ தட்டுவது போல இருப்பதையும் உணர்ந்திருப்போம். பீரங்கிக் குண்டோ கண்ணிவெடியோ வெடிக்கும்போது இதே நிகழ்ச்சி பல மடங்கு வலிமையுடன் நடக்கிறது. சுற்றியுள்ள காற்று நொடிப்பொழுதுக்கும் குறைவான நேரத்தில் அழுத்தப்பட்டு, ஒலியைவிட வேகமாக ஓர் அலையாகப் பாய்கிறது. அழுத்தம் திடீரென உச்சத்துக்கு ஏறி, உடனே இயல்பான காற்றழுத்தத்துக்கும் கீழே இறங்கி, பிறகு சமநிலைக்கு வருகிறது. இதைத் தொடர்ந்து பலத்த காற்று வீசுகிறது.

அந்த அலை உடலைக் கடக்கும்போது ஏற்படும் பாதிப்பை முதல்நிலைக் காயம் என்பர். சிதறிய துண்டுகள் பாய்வது இரண்டாம் நிலை. ஆள் தூக்கி எறியப்பட்டு மோதுவது மூன்றாம் நிலை. தீக்காயம் முதலியவை நான்காம் நிலை. இரண்டும் மூன்றும் கண்ணுக்குத் தெரியும். சண்டையெல்லாம் முதல்நிலைக் காயத்தைப் பற்றியதுதான்.

மையர்ஸ் கண்ட மூவர்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளரான சார்லஸ் மையர்ஸ், முதல் உலகப்போர் தொடங்கியதும் பிரான்சில் லெ டுக்கே என்னும் ஊரில் இருந்த ஒரு போர்க்கால மருத்துவமனையில் பணியாற்றினார். 1915 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மூன்று வீரர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூவரும் குண்டுவெடிப்பில் சிக்கியவர்கள். மூவருக்கும் பார்வைப் புலம் சுருங்கியிருந்தது, மணமும் சுவையும் குன்றியிருந்தன, நினைவு மங்கியிருந்தது. ஆனால் காது ஏறக்குறைய நன்றாகவே கேட்டது. பெருவெடியில் முதலில் கெட வேண்டிய காது தப்பிக்கொள்ள, நாக்கும் மூக்கும் கண்ணும் ஏன் கெட வேண்டும்? உடற்காயம் என்பதைவிட மனத்தின் பாதிப்பு என்ற பக்கமே மையர்ஸ் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவ இதழில் பரவச் செய்த கட்டுரை இதுவே. பிற்காலத்தில் அந்தச் சொல்லே பொருத்தமற்றது என்று அவர் கருதியது வேறு கதை. குண்டு விழுந்த இடத்துக்கு அருகிலேயே செல்லாதவர்களுக்கும் அதே அறிகுறிகள் வருவதை அவர் கண்டிருந்தார்.

எதிர்ப் பக்கத்தில் நின்றவர் ஃபிரடெரிக் மாட். லண்டன் மனநல மருத்துவமனைகளின் நோய்க்குறியியலாளர். வெளிக்காயம் ஏதுமின்றி இறந்த இரண்டு வீரர்களின் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1917இல் முடிவுகளை வெளியிட்டார். மூளையின் வெண்பொருளில் ஊசிமுனை அளவில் இரத்தக் கசிவுகள் இருந்தன. அழுத்த அலையும், வெடியில் எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவும் இதற்குக் காரணமாகலாம் என்பது மாட்டின் கருத்து. இரண்டு மூளைகளை வைத்து ஆயிரக்கணக்கான வீரர்களைப் பற்றி முடிவு கட்ட முடியாது என்பது உண்மையே. ஆயினும் தேட வேண்டிய இடம் எது என்பதை மாட் காட்டிவிட்டார். அந்த இடத்தை மறுபடி முறையாகத் தேடுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

‘டபிள்யூ’வும் ‘எஸ்’ஸும்

ஆய்வாளர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, பிரிட்டிஷ் இராணுவம் தன் வசதிக்கு ஒரு வழி கண்டது. எதிரியின் குண்டு நேரடிக் காரணம் என்றால் வீரரின் சீட்டில் ‘ஷெல் ஷாக் – டபிள்யூ’ என்று எழுதுவார்கள். ‘காயமடைந்தவர்’ என்பதன் முதல் எழுத்து அது. அவர் கையில் காயப் பட்டை அணியலாம், ஓய்வூதியம் கோரலாம். குண்டு காரணமில்லை என்றால் ‘ஷெல் ஷாக் – எஸ்’, அதாவது நோயாளி. அவருக்குப் பட்டையும் இல்லை, காயத்துக்கான உரிமையும் இல்லை. நோய் ஒன்றுதான், அறிகுறியும் ஒன்றுதான். ஒரே ஓர் எழுத்து ஒருவருடைய குடும்பத்தின் வருங்காலத்தைத் தீர்மானித்தது.

1916இல் சோம் போரின்போது ‘ஷெல் ஷாக்’ என்று பின்னணிக்கு அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை மிகவும் உயர்ந்தது. களத்தில் ஆள் குறைந்தது. 1917 ஜூனில் இராணுவம் புதிய உத்தரவு போட்டது. முன்னணி மருத்துவர்கள் இனி அந்தச் சொல்லை எழுதக் கூடாது, ‘என்.ஒய்.டி.என்.’ என்று மட்டும் எழுத வேண்டும். ‘நரம்பு தொடர்பானது, இன்னும் நோய் கண்டறியப்படவில்லை’ என்பது அதன் பொருள். வீரர் உண்மையிலேயே வெடிப்புக்கு அருகில் இருந்தார் என்று அவருடைய படைப்பிரிவின் அதிகாரி எழுதித்தந்த பிறகே வகை முடிவு செய்யப்படும். நோயைத் தீர்மானிக்கும் அதிகாரத்தில் பாதி இவ்வாறு மருத்துவர் கையிலிருந்து படைத் தலைவர் கைக்குப் போனது. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படையில் சுமார் 80,000 பேர் இந்த வகையில் சிகிச்சை பெற்றதாக வழக்கமாகக் குறிப்பிடுவர்.

சிகிச்சைக்குப் போகாமல் சுடப்பட்டவர்களும் உண்டு. படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக மரண தண்டனை பெற்றவர்களுள் ஹாரி ஃபார் ஒருவர். 1915இல் ‘ஷெல் ஷாக்’ பாதிப்புக்காக ஐந்து மாதங்கள் மருத்துவமனையில் இருந்தவர் அவர். மீண்டும் களத்துக்கு அனுப்பப்பட்டார். முன்னணிக்குச் செல்ல மறுத்ததற்காக 1916 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குடும்பத்தினர் நீண்ட காலம் போராடினர். 2006இல் பிரிட்டன் இயற்றிய சட்டம் அவர் உட்பட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: மன்னிப்பு வழங்கினாலும் பழைய தீர்ப்பையோ தண்டனையையோ அது ரத்து செய்யவில்லை.

போருக்குப் பின் சவுத்பரோ பிரபு தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1922இல் வந்த அதன் அறிக்கை, ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லையே அரசு ஏடுகளிலிருந்து நீக்கச் சொன்னது. குண்டுவெடிப்பினால் வந்தது என்று கூறப்பட்டாலும் மனநலக் குலைவைப் போர்க்காயமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் கூறியது. பெயரை நீக்கியதால் நோய் போய்விடவில்லை. அதை எண்ணும் வழிதான் போயிற்று.

கவனம் வேறு பக்கம் போன காலம்

இரண்டாம் உலகப்போரில் நகரங்கள் மீது குண்டுவீச்சு நடந்தபோது, வெடியலை உடலை என்ன செய்கிறது என்பதைச் சாலி சுக்கர்மன் விலங்குகளைக் கொண்டு ஆராய்ந்தார். காற்று நிறைந்த நுரையீரலே முதலில் சிதைகிறது என்று காட்டினார். உயிரைக் காக்கும் சிகிச்சைக்கு மிகவும் பயன்பட்ட கண்டுபிடிப்பு அது. ஆனால் அதன் பிறகு வெடியலைக் காயம் என்றாலே நுரையீரல், செவிப்பறை, குடல் என்ற எண்ணம் மருத்துவத்தில் வேரூன்றியது. மண்டையோட்டுக்குள் பத்திரமாக இருக்கும் மூளையைப் பற்றிப் பலரும் கவலைப்படவில்லை. வியட்நாம் போருக்குப் பின், 1980இல் அமெரிக்க உளநல மருத்துவக் கழகம் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்’ என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ‘கோழை’ என்ற வசையிலிருந்து பல இலட்சம் பேரை மீட்ட மாற்றம் அது. எனினும் திசு பற்றிய மாட்டின் கேள்வி அதற்குள்ளும் எழவில்லை.

ஈராக்கும் ஆப்கானிஸ்தானும்

2001க்குப் பிந்தைய போர்களில் அமெரிக்க வீரர்களை அதிகம் தாக்கியவை சாலையோரத்தில் புதைத்த கையால் செய்த வெடிகள். மார்புக் கவசமும் விரைவான அறுவைச் சிகிச்சையும் முன்பு இறந்திருக்கக்கூடிய பலரைப் பிழைக்கவைத்தன. பிழைத்தவர்கள் வீடு திரும்பிய பிறகு பழைய அறிகுறிகள் புதிதாகக் கேட்கத் தொடங்கின. 2008இல் ராண்ட் ஆய்வு நிறுவனம், போர்க்களம் சென்ற 16.4 லட்சம் பேரில் சுமார் 3.2 லட்சம் பேருக்கு மூளைக்காயம் ஏற்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. பெரும்பாலானவை ‘இலேசான’ வகை. ‘இலேசான’ என்பது சில நிமிட மயக்கத்தையோ குழப்பத்தையோ குறிக்கும் மருத்துவச் சொல். பின்விளைவும் இலேசாக இருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

அதே 2008இல் சார்லஸ் ஹோக் என்னும் இராணுவ மருத்துவரின் குழு, ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 வீரர்களை ஆராய்ந்தது. சுமார் 15 விழுக்காட்டினர் மயக்கமோ குழப்பமோ ஏற்பட்ட காயத்தைக் கூறினர். ஆனால் மன உளைச்சல் நோயையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்துக் கழித்தால், தலைவலியைத் தவிர மற்றத் தொல்லைகளுக்கு மூளைக்காயத்துடன் தனித் தொடர்பு தெரியவில்லை. ‘எஸ்’ பக்கம் மீண்டும் வலுத்தது. 2011இல் வேறொரு குழு, வெடிப்பில் காயம்பட்ட 63 வீரர்களின் மூளையில் நீர் பரவும் விதத்தைச் சிறப்பு எம்.ஆர்.ஐ. முறையில் அளந்து, நரம்பிழைகளில் சேதத்தின் அடையாளங்களைக் காட்டியது. தராசு ‘டபிள்யூ’ பக்கம் சாய்ந்தது. என் எண்ணத்தில் இரு குழுவினரும் நேர்மையாகவே அளந்தார்கள். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க முடியும் என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல்.

நடைமுறையில் சில நல்ல மாற்றங்கள் வந்தன. 2007 முதல், போர்க்களம் சென்று திரும்பி முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் மூளைக்காயம் பற்றிய வினாக்கள் கேட்கப்பட்டன. 2010இல், வெடிப்பு நடந்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தவர் தாமாக முறையிடாவிட்டாலும் மருத்துவச் சோதனைக்கும் 24 மணிநேர ஓய்வுக்கும் உட்பட வேண்டும் என்று விதி வந்தது. முறையிடுவதைப் பலவீனம் என்று கருதும் படையினரிடம் ‘உனக்கு என்ன செய்கிறது’ என்று கேட்பதைவிட ‘நீ எங்கே நின்றாய்’ என்று கேட்பது நல்ல வழி. 2011இல் மூளையதிர்ச்சிக்கும் ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் உண்டு என்பது தெளிவாக்கப்பட்டது.

தெளிவாக்கினாலும் பழைய பழக்கம் போகவில்லை. 2020 ஜனவரி 8 அன்று ஈராக்கில் உள்ள அல் அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. அமெரிக்கத் தரப்பில் யாருக்கும் காயமில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. சிலருக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டதாகவும், அது பெரிய விஷயமில்லை என்றும் அந்நாட்டு அதிபர் கூறினார். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளைக்காயம் உறுதியானது. பதக்கம் முதலில் 29 பேருக்கே கிடைத்தது. 2021 இறுதியில் மேலும் 39 பேருக்கு வழங்கப்பட்டது.

நுண்ணோக்கியின் கீழ்

2012இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் லீ கோல்ட்ஸ்டைன், ஆன் மெக்கீ ஆகியோரின் குழு, வெடிப்புக்கு ஆளான முன்னாள் வீரர்கள் சிலரின் மூளைகளில், குத்துச்சண்டை வீரர்களிடமும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடமும் காணப்படும் நாள்பட்ட சிதைவை ஒத்த மாற்றங்களைக் கண்டது. சுண்டெலிகளிலும் சோதித்தது. வெடிக்காற்றில் தலை முன்னும் பின்னும் ஆடாதபடி பிடித்துவைத்தால் எலிகளின் கற்றலும் நினைவும் கெடவில்லை. காற்றில் தலை வேகமாக ஆடுவதும் சேதத்துக்கு ஒரு காரணம் என்று இதிலிருந்து தெரிந்தது.

திருப்பமாக அமைந்தது டேனியல் பெர்ல் பணியாற்றும் பெத்தெஸ்டா இராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. அங்கே இறந்த படைவீரர்களின் மூளைகளைக் குடும்பத்தாரின் ஒப்புதலோடு பாதுகாக்கும் திசுக் களஞ்சியம் ஒன்று இயங்குகிறது. 2016இல் வெளியான கட்டுரையில், வெடிப்புக்கு ஆளாகிப் பல காலம் கழித்து இறந்த ஐவரின் மூளைகளில் ஒரே வகைத் தழும்பு இருந்தது. மூளையில் நரம்பணுக்களுக்குத் துணை நிற்கும் விண்மீன் வடிவ உயிரணுக்கள் உண்டு. காயம் ஆறும்போது அவை கூடித் தழும்பாகின்றன. இந்த ஐவரிடமும் அத்தழும்புகள் கண்ட கண்ட இடத்தில் இல்லை: மூளையின் மேற்பரப்பிலும், இரத்தக் குழாய்களைச் சுற்றியும், சாம்பல்பொருளும் வெண்பொருளும் சந்திக்கும் கோட்டிலும், திரவம் நிறைந்த அறைகளின் ஓரத்திலும் இருந்தன. அதாவது, அடர்த்தி வேறுபட்ட இரு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில். அழுத்த அலை வேகம் மாறி ஆற்றலைக் கொட்டும் இடங்கள் இவையே என்பதை இயற்பியல் படித்த மாணவர் உடனே உணர்வர். வெடிப்பில் சிக்கிச் சிறிது காலத்தில் இறந்த மூவரின் மூளைகளில் அதே இடங்களில் தழும்பு உருவாகத் தொடங்கியிருந்தது. விபத்தில் தலை மோதியவர்களின் மூளைகளில் இந்த அமைப்பு இல்லை. வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் இத்தழும்பு தெரியாது.

இன்னொன்றும் அக்கட்டுரையில் உண்டு. நாள்பட்ட பாதிப்புடைய அந்த ஐவருக்கும் உயிரோடு இருந்தபோது மன உளைச்சல் நோய் என்று கண்டறியப்பட்டிருந்தது. ஒரே ஆளிடம் ‘டபிள்யூ’வும் ‘எஸ்’ஸும்.

எட்டு மூளைகள் மிகச் சிறிய எண்ணிக்கை. பெர்லின் குழுவே 2022இல் இன்னொரு பரவலான நம்பிக்கையைத் திருத்தியது. களஞ்சியத்தின் 225 மூளைகளை ஆராய்ந்தபோது, விளையாட்டு வீரர்களிடம் காணும் நாள்பட்ட சிதைவு 10 மூளைகளில்தான் இருந்தது. அந்தப் பத்துப் பேரும் உடல் மோதும் விளையாட்டுகளை ஆடியவர்கள். வெடிக்காயம் வேறு, விளையாட்டுக் காயம் வேறு என்ற எண்ணம் வலுப்பட்டது. தனக்குச் சாதகமாகப் பேசப்பட்ட ஒரு கருத்தைத் தன் எண்ணிக்கையாலேயே குறைத்துக் காட்டிய இந்த ஆய்வை மாணவர்கள் தேடிப் படிக்கலாம்.

இம்மூளைகள் யாவும் அமெரிக்கப் படையினருடையவை. இலங்கையின் வன்னியில் எறிகணை வீச்சுக்கு நடுவே வாழ்ந்த மக்களைப் போன்ற பொதுமக்கள் இந்த ஆய்வுகளில் இடம்பெறவில்லை.

விடைக்குக் காத்திராத சிகிச்சை

தழும்பை அகற்றும் மருந்து எதுவும் இல்லை. உயிருள்ளவரிடம் அதை உறுதியாகக் காட்டும் சோதனையும் இல்லை. 2018இல் அமெரிக்க அரசு அனுமதித்த இரத்தச் சோதனை, காயம்பட்ட சில மணிநேரத்துக்குள் இரண்டு புரதங்களை அளந்து தலையைச் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று சொல்லும். பத்தாண்டுக்கு முன் பட்ட காயத்தை அது சொல்லாது.

ஆனால் தலைவலியையும் தூக்கமின்மையையும் தலைச்சுற்றலையும் மறதியையும் கவனிக்க அந்த விடை தேவையில்லை. 2010இல் பெத்தெஸ்டாவில் நன்கொடையில் கட்டித் திறக்கப்பட்ட சிறப்பு மையத்தில், ஒரே நோயாளியை நரம்பியல், உளநலம், தூக்கம், பார்வை, பேச்சு, உடற்பயிற்சி என்று பல துறையினர் சேர்ந்து நான்கு வாரங்கள் கவனிக்கும் முறை வந்தது. அங்கே வீரர்கள் தாங்களே செய்து வண்ணம் தீட்டும் முகமூடிகளும் சிகிச்சையின் பகுதி; வாயால் சொல்ல இயலாததை அவற்றில் தீட்டுகிறார்கள். 2022இல் வெளியான ஒரு சோதனை 193 முன்னாள் வீரர்களிடம் நடந்தது. தலைவலியைச் சமாளிக்கக் கற்பிக்கும் உளவியல் பயிற்சி, தலைவலியால் வரும் முடக்கத்தைக் குறைத்தது. கூடவே மன உளைச்சலையும், அதற்கென்றே வகுத்த சிகிச்சைக்கு இணையாகக் குறைத்தது. மன உளைச்சலுக்கான சிகிச்சை தலைவலியை அந்த அளவுக்குக் குறைக்கவில்லை.

பிழையான நம்பிக்கைகளும் சோதிக்கப்பட்டன. உயரழுத்த அறையில் ஆக்சிஜன் செலுத்தும் சிகிச்சையைப் பல குடும்பங்கள் பெரும் செலவில் நாடின. இராணுவம் நடத்திய ஒப்பீட்டுச் சோதனைகளில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களைப் போலவே போலிச் சிகிச்சை பெற்றவர்களும் முன்னேறினார்கள். கனிவான கவனிப்பும் நம்பிக்கையும் வேலை செய்திருக்கலாம்.

நீண்ட கால விளைவும் தெரியவந்துள்ளது. மூளைக்காயம் பதிவான 1,78,779 முன்னாள் வீரர்களைப் பதிவாகாத அதே எண்ணிக்கையினருடன் ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வில், மயக்கமே இல்லாத இலேசான காயம்கூட முதுமை மறதி நோயின் வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தியிருந்தது. எல்லாக் காரணங்களாலும் வந்த காயங்கள் அதில் அடங்கும்.

சொந்தத் துப்பாக்கியின் அதிர்வு

கடைசியாக வெளிச்சத்துக்கு வந்தது எதிரியின் குண்டு அன்று. பீரங்கி, மோர்ட்டார், தோளில் வைத்துச் சுடும் கனரக ஆயுதம், கதவை வெடிவைத்துத் தகர்க்கும் பயிற்சி ஆகியவற்றில் ஒரு வீரர் பல்லாயிரம் சிறு வெடியலைகளுக்கு ஆளாகிறார். ஒவ்வொன்றும் மயக்கம் தராது. எனவே எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தம் வரை பாதுகாப்பு என்ற வரம்பு, செவிப்பறையைக் கருத்தில் கொண்டு வகுத்தது, மூளையை அன்று. அமெரிக்கச் செனட் அவையின் முன்னாள் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் மகன் கடற்படைச் சிறப்புப் படையில் பத்தாண்டு பணியாற்றியவர். எடுத்த படங்களில் எதுவும் தெரியவில்லை. 2017இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, பெர்லின் களஞ்சியத்தில்தான் அந்தத் தழும்புகள் தெரிந்தன. தந்தை அதன்பின் பல மேடைகளில் இதைப் பேசி வருகிறார். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, பணியிலிருக்கும் 30 சிறப்புப் படையினரின் மூளையில் வெடிப்புகளின் எண்ணிக்கையோடு தொடர்புடைய மாற்றங்களைக் கண்டது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை புதிய விதிகளை வெளியிட்டது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே நினைவாற்றல், கவனம் முதலியவற்றைச் சோதித்துப் பதிய வேண்டும். அழுத்தம் மிகுந்த ஆயுதங்களைச் சுடும்போது மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டிய தூரம் வரையறுக்கப்பட்டது. தொடக்க அளவு இருந்தால்தான் பிற்காலத்தில் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட முடியும். பள்ளியில் சேரும் நாளில் பிள்ளையின் உயரத்தைக் குறிக்காமல், ஐந்தாண்டு கழித்து வளர்ந்தானா என்று கேட்டால் யார் சொல்வது?

புதியவர்களுக்கு இந்த ஏற்பாடு உண்டு. இருபது ஆண்டுகளாக மோர்ட்டார் சுட்டு ஓய்வு பெற்றவருக்குத் தொடக்கப் பதிவும் இல்லை, எத்தனை குண்டு சுட்டார் என்ற கணக்கும் இல்லை. ஓய்வூதிய விண்ணப்பத்தில் அவர் இணைக்கக்கூடியது தம் நினைவையும் உடன் பணியாற்றியவர்களின் சாட்சியத்தையும்தான். அந்த நினைவுதான் அவரிடம் மங்கிக்கொண்டிருக்கிறது.